கடலுக்குள் போகும் கார்த் திறப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் சிட்னியின் கோர்டன்ஸ் குடாவில் கரையிலிருந்து இறங்கிச் சுழியோடுவது பற்றி வந்த கட்டுரையை ரசித்து வாசித்தேன். கூஜிக்கும் க்ளோவலிக்கும் நடுவே, கொங்கிறீற் நிரப்பிய பீப்பாய்களைத் தொடுத்துக் கடலடியில் 600 மீற்றர் அளவுக்கு ஓடும் அந்தச் சங்கிலிப் பாதையில் நானும் போய் வருகிறவன்தான். நீலக் குரோப்பர் மீன் நாய்க்குட்டி போல் பின்னால் வரும் என்று கட்டுரையாளர் எழுதியது முற்றிலும் உண்மை. ஆனால் காரின் திறப்பை (சாவியை) என்ன செய்வது என்பதை மட்டும், "நீர்புகாத பையில் போட்டு உடன் கொண்டு செல்லலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சிட்னியின் மேற்கே வாகனத் திறப்பு வெட்டிப் பிழைப்பவன் நான். அந்த வரியை நம்புகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது என்னைப் போன்றவர்களின் கடை வாசலில்தான். வியாபாரம் எனக்கு நல்லதுதான் என்றாலும் மனம் கேட்கவில்லை.

கடல் நீர் புகுந்த மின்திறப்பின் (பற்றரியில் வேலை செய்யும் ரிமோட் திறப்பின்) உள்ளே எப்படி இருக்கும் என்பதைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மூடியை நெம்பியதும் முதலில் ஓரிரண்டு துளி தண்ணீர் சொட்டும். பற்றரி உட்காரும் தகட்டில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்; அதன் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த வட்டப் பற்றரி தருவது 3 வோல்ட்தான். ஆனால் உப்பு நீரில் அந்த மின்னோட்டமே மின்சுற்றுப் பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். கோடு அறுந்த பிறகு புதுப் பற்றரி போட்டும் பயனில்லை. புதுத் திறப்பும் அதைக் காருக்குப் பழக்கும் வேலையும் சேர்ந்தால் சில நூறு டொலர். கார் கடற்கரையில் நின்றுபோனால் இழுத்து வரும் கூலி வேறு.

கைப்பேசிக்கு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைகள் ஏன் உதவாது என்று கேட்கலாம். பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்தப் பாதையின் ஆழமான பகுதி 14 மீற்றர் அளவு என்றால், அங்கே பைக்குள் இருக்கும் காற்று கரையில் இருந்ததில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பை திறப்போடு ஒட்டி இறுகும், பொத்தான்கள் தாமாக அமுங்கும், வாய் மடிப்பு நெகிழும். "ஐபி 67" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்குத்தான். கெட்டியான சுழியோடிப் பெட்டி தாங்கும். ஆனால் அதன் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிரோ ஒரு மணலோ சிக்கினால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். கடற்கரையில் மணல் இல்லாத இடம் ஏது?

"சரி, காரின் சில்லுக்கு மேல் வைத்துவிட்டுப் போகிறேன்" என்பார்கள். தரிப்பிடத்தில் நீங்கள் ஈர உடையை இழுத்து மாட்டி, காற்றுத் தாங்கியைத் தோளில் ஏற்றும் வரை அரை மணி நேரம் போகிறது. அவ்வளவு நேரமும் எதிர்க் காருக்குள் ஒருவன் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குனிந்து சில்லைத் தொட்டதை அவன் பார்ப்பான். அலைச்சறுக்கு வீரராவது அவ்வப்போது கரையைத் திரும்பிப் பார்க்கலாம். தண்ணீருக்குள் போன உங்களால் ஒரு மணி நேரத்துக்கு எதையும் பார்க்க முடியாது என்பது கள்ளருக்கும் தெரியும்.

இலக்கப் பூட்டுப் போட்ட சிறு பெட்டியை வண்டியின் பின்கொக்கியில் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. பொத்தான் அமுக்கித் திறக்கும் பழைய திறப்புக்கு அது ஓரளவு சரி. அருகில் வந்தாலே கதவைத் திறக்கும் திறப்பு என்றால், பெட்டி மெல்லியதாக இருந்தால் கார் உங்களைப் பக்கத்தில் நிற்பதாகவே எண்ணிக்கொள்ளும். பெட்டியை உடைக்கவே வேண்டாம், கைபிடியைத் தொட்டால் கதவு திறக்கும். போட்டுப் பூட்டிய பிறகு நீங்களே ஒரு தடவை கைபிடியை இழுத்துப் பாருங்கள்.

நான் சொல்வது இதுதான்: மின்திறப்பைக் கடலுக்குள் கொண்டு போகாதீர்கள், வெறும் உலோகத் தகட்டை மட்டும் கொண்டு போங்கள். அநேகமான மின்திறப்புகளின் வயிற்றுக்குள் ஓர் உலோகத் தகடு ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் உள்ள சிறு தாழை அமுக்கி இழுத்தால் வரும். அதற்குரிய துவாரம் ஓட்டுநர் கதவின் கைபிடியோரம், சில கார்களில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். மிச்சத்தை, காரின் உள்ளே போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் பூட்டுங்கள். இரும்பு சமிக்ஞையையும் அநேகமாக மறைத்துவிடும். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியபடியே இதைச் செய்யுங்கள், வெளியே நின்று செய்ய வேண்டாம். பிறகு தகட்டால் கதவைப் பூட்டலாம். திரும்பி வந்து தகட்டால் திறக்கும்போது சில கார்கள் அலாரம் எழுப்பும். மின்திறப்பை எடுத்துப் பொத்தானை அமுக்கினால் அநேகமாக அடங்கும். இதையெல்லாம் முதலில் வீட்டு வாசலில், மாற்றுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். காருக்குள் திறப்பை விட்டுச் சென்றால் இழப்பீடு கிடைக்குமா என்பதைக் காப்புறுதிப் பத்திரத்தில் வாசித்துக்கொள்வதும் நல்லது.

தலையில் மின்னணுச் சிப் பொருத்திய சாதாரணத் திறப்பு உள்ள கார் என்றால் வேலை இன்னும் சுலபம். ஆஸ்திரேலியாவில் 2001 யூலை முதல் புதிய கார்களில் எஞ்சின் தடுப்புக் கருவி கட்டாயம் என்பதால், சிப் இல்லாமல் வெட்டிய பிரதி கதவைத் திறக்குமே தவிர எஞ்சினைக் கிளப்பாது. அந்தப் பிரதியைக் கொண்டு போங்கள்; கடலுக்குள் தொலைந்தாலும் நட்டம் சில டொலர்தான். ஜாகுவார் நிறுவனம் 2016இல் கையில் கட்டும் நீர்புகாத் திறப்புப் பட்டி ஒன்றைக் கொண்டு வந்தது. என்னிடம் வருகிறவர்களில் ஜாகுவார் வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

தகட்டையும் மிதவை அங்கியின் பைக்குள் சும்மா போடாதீர்கள். தண்ணீருக்குள் எழுதும் பலகையை எடுக்கும்போது கூடவே வழுக்கி விழும். பைக்குள் இருக்கும் வளையத்தில் கொளுவி மாட்டுங்கள். வீட்டுத் திறப்பை அந்தக் கோர்வையிலிருந்து கழற்றிவிடுங்கள். காரில் கிடக்கும் பணப்பையில் உங்கள் முகவரியோடு ஓட்டுநர் உரிமம் இருக்கும். இரண்டும் ஒரே கையில் அகப்பட்டால் காரோடு வீடும் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் மின்திறப்பு நனைந்துவிட்டால் பொத்தானை அமுக்கிச் சோதிக்காதீர்கள். உடனே மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்றுங்கள். குடிதண்ணீரில், கிடைத்தால் காய்ச்சி வடித்த நீரில், நன்றாக அலசி நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் உப்பு போகாது. வெயிலில் காயும் கார் முகப்பிலும் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாகனத் திறப்புத் தொழிலாளி ஒருவர்,
வென்ட்வேர்த்வில், சிட்னி