மூன்றாவது படகைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தொலைபேசியில் பேசி முடித்த பிறகு அம்மா வெகுநேரம் தூங்கவில்லை. நான் தூங்குவதுபோலப் படுத்துக் கிடந்தேன். எட்டுப் பேர் வலிக்கும் படகுகளில் முதலாவதான 'முதல் எட்டி'லிருந்து ஒரு பெண்ணை இறக்கி, நீ பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருக்கும், நான்கு பேர் வலிக்கும் நால்வர் படகில் உட்கார வைக்க வேண்டும் என்று முடிவான செய்தியை அவளிடம் சொல்லும் வேலை உன் தலையில் விழுந்ததையும், அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் துடுப்பைத் துடைத்து அதற்குரிய இடத்தில் மாட்டிவிட்டு உன் முகத்தைப் பார்க்காமலே போனதையும் நீ சொன்னாய். "இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை அப்பா" என்றும் சொன்னாய். தொலைபேசியில் எனக்கு உடனே பதில் வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் துடுப்பைக் கையில் பிடித்தவன் அல்ல. நாற்பது வருடம் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆனால் சியாட்டிலில் இத்தனை காலம் குடியிருப்பவனுக்குப் படகுகளைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. மே மாதத்து முதல் சனிக்கிழமையன்று மான்ட்லேக் கால்வாயின் இரு கரைகளிலும் கூடும் கூட்டத்தில், உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்ற காலத்திலிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகப் பெண்களின் படகுகளை நான் பார்த்து வருகிறேன். மற்றவர்கள் கிரிக்கெட் வீரர்களின் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பதுபோல, அந்த அணியின் பயிற்சியாளர்களின் கணக்கு என்னிடம் இருக்கிறது. அவர்களில் யாஸ்மின் ஃபரூக் என்பவரைப் பற்றித்தான் இப்போது உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. பெயர் உனக்குத் தெரியும், பட்டங்களும் தெரியும். அந்தப் பட்டங்களைக் கணக்குப்பிள்ளை ஒருவன் எப்படிப் படிக்கிறான் என்பது தெரியாமல் இருக்கலாம்.

முதலில் அவர் எந்த இருக்கையிலிருந்து வந்தவர் என்பதைப் பார். அவர் துடுப்பு வலித்துப் பெயர் வாங்கியவர் அல்லர், படகின் திசையைப் பார்த்துக்கொண்டு வலிப்பவர்களுக்குக் குரல் கொடுக்கும் காக்ஸ் ஆக இருந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, அமெரிக்கப் பெண்கள் எட்டுப் படகின் காக்ஸாக 1992, 1996 என இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போனவர். எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலிக்கிறார்கள். எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பவர் காக்ஸ் ஒருவர்தான். அவருக்கும் நேரெதிரே, ஸ்ட்ரோக் என்னும் இருக்கையில் இருப்பவரின் முகம் மட்டுமே நேராகத் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் ஏழு பேரையும் துடுப்பு நீரில் இறங்கும் ஓசையிலும், தன் இருக்கைக்கடியில் படகு இழுபடும் விதத்திலும்தான் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு வலிப்புகூட வலிக்க முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வலிப்பவர்களின் மூச்சு முட்டும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் என்று கேட்கிற வேலை அது. பயிற்சியாளரின் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்று எனக்குப் படுகிறது. நீ ஏழு வருடம் இடப்பக்கத் துடுப்பு வலித்தவள். உன் கையில் ஒரு துடுப்பு எப்போதும் இருந்தது. இப்போது கை சும்மா இருப்பதுதான் உன்னைப் படுத்துகிறதோ என்னவோ.

அவருடைய படகு 1995இல் பின்லாந்தின் தம்பெரேவில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வென்றது. அடுத்த வருடம் சொந்த நாட்டிலேயே ஒலிம்பிக். அட்லாண்டாவுக்கு வடக்கே லேனியர் ஏரியில் படகோட்டம் நடந்தது. உலகப் பட்டம் பெற்ற படகு அங்கே நான்காவதாக வந்தது. ருமேனியாவும் கனடாவும் பெலாரஸும் முந்திக்கொண்டன. அதற்கு முந்தைய பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆறாவது இடம். ஆக, இரண்டு ஒலிம்பிக்குக்குப் போயும் பதக்கம் இல்லாமல் திரும்பியவர் அவர். நான்காவது இடத்துக்கு மேடையில் நிற்கும் உரிமைகூடக் கிடையாது. இதை உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நான்காவதாக வந்தவர்களிடம் என்ன பேசுவது என்பதை அவர் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு ஒலிம்பிக் படகுப் போட்டிகளுக்குத் தொலைக்காட்சியில் வர்ணனை செய்தார். 2006இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். மூன்றே ஆண்டுகளில், 2009இல், நியூஜெர்சியின் செர்ரி ஹில்லில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியில் அந்த அணி பட்டம் வென்றது. ஸ்டான்ஃபோர்டுக்குப் படகோட்டத்தில் அதுவே முதல் தேசியக் கல்லூரிப் பட்டம். பத்து ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு, 2016இல் எங்கள் ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

எங்கள் ஊர் சாதாரண ஊர் இல்லை. பெண்களுக்கான தேசியக் கல்லூரிப் படகோட்டப் பட்டம் 1997இல் தொடங்கியபோது அந்த முதல் பட்டத்தையும் 1998இன் பட்டத்தையும் வென்றது வாஷிங்டன்தான், 2001இலும் வென்றது. மூன்றுமே ஜேன் ஹார்வில் பயிற்சியில் வந்தவை. அவர் இதே பல்கலைக்கழகத்தில் துடுப்பு வலித்தவர். 1980 ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்தும், அமெரிக்கா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் போக முடியாமல் போனவர்களில் ஒருவர். 2001க்குப் பிறகு பதினாறு வருடம் பட்டம் இல்லை. கால்வாய்க் கரையில் நிற்கும் கிழவர்கள் ஒவ்வொரு மே மாதமும் ஹார்வில் காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஃபரூக் வந்த முதல் பருவத்திலேயே, 2017இல், நியூஜெர்சியின் மெர்சர் ஏரியில் வாஷிங்டன் பெண்கள் முதல் எட்டு, இரண்டாம் எட்டு, நால்வர் படகு ஆகிய மூன்று இறுதிப் போட்டிகளையும் வென்றார்கள். அதற்கு முன் எந்தக் கல்லூரியும் ஒரே ஆண்டில் மூன்றையும் வென்றதில்லை. இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஒரே வருடத்தில் யாரும் ஓர் அணியை ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கிவிட முடியாது, அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். ஆகவே என்னைக் கேட்டால் 2017ஐ விட 2019தான் பெரிது. அந்த ஆண்டு இண்டியானாபொலிஸின் ஈகிள் க்ரீக்கில் மறுபடியும் மூன்று படகுகளும் முதலாவதாக வந்தன. முதல் தடவையை அதிர்ஷ்டம் என்றோ முன்னவர்களின் உழைப்பு என்றோ யாராவது சொல்லியிருந்தால், இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

இப்போது கணக்கு. இந்தப் பட்டம் ஒரு படகுக்குத் தருவது அல்ல, மூன்று படகுகளின் புள்ளிகளைக் கூட்டித் தருவது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு கல்லூரிகள் வருகின்றன. முதல் எட்டு வென்றால் 66 புள்ளி, இரண்டாம் எட்டுக்கு 44, நால்வர் படகுக்கு 22, மொத்தம் 132. நால்வர் படகில் ஓர் இடம் பின்னால் போனால் ஒரு புள்ளிதானே குறைகிறது என்று யாரும் அலட்சியமாக நினைக்கலாம். ஆனால் முதல் எட்டில் முன்னணி அணிகள் எல்லாம் மூச்சுவிடும் இடைவெளியில்தான் வந்து சேர்கின்றன. அங்கே ஓர் இடம் முன்னேற உயிரைக் கொடுக்க வேண்டும். நால்வர் படகிலோ கல்லூரிக்குக் கல்லூரி ஆள்பலம் பெரிதும் வேறுபடும். பதினேழாவது, பதினெட்டாவது, இருபதாவது பெண் யார் என்பது அங்கேதான் வெளியே தெரியும். இருபத்து மூன்று பேர் போகிறார்கள், காக்ஸ் மூவரையும் சேர்த்து. இருபதாவது துடுப்பைப் பிடித்திருப்பவள் எப்படி வலிக்கிறாள் என்பதை வைத்து ஒரு பயிற்சியாளரை எடைபோடலாம் என்பது என் எண்ணம். ஃபரூக் இரண்டு தடவை 132க்கு 132 எடுத்தார் என்றால், அவருடைய மூன்றாவது படகில் இருந்த நான்கு பெண்களும் தங்களை இறக்கப்பட்டவர்களாக நினைத்துக்கொண்டு வலித்திருக்க முடியாது. அவர்களிடம் என்ன சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கரையிலிருந்து பார்ப்பவனுக்குப் பயிற்சியாளர் பின்தொடரும் மோட்டார் படகின் சத்தம்தான் கேட்கும். ஆனால் விளைவு தாளில் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் உன்னை முதல் எட்டிலிருந்து இரண்டாம் எட்டுக்கு மாற்றினார்களே, அப்போது உனக்குத் தெரியாமல் உன் பயிற்சியாளருக்கு நான் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நீளமான மின்னஞ்சல். மரியாதையாகத்தான் எழுதினேன், ஆனால் மரியாதையில் எத்தனை ஊசி வைக்கலாமோ அத்தனையும் வைத்தேன். மறுநாள் காலை பதில் வந்தது. இரண்டே வரி. இரண்டு படகுகளை அருகருகே ஓடவிட்டுப் பார்த்ததில், முதல் ஓட்டத்தில் நீ இருந்த படகு 0.8 விநாடி முன்னால். உன்னையும் இன்னொரு பெண்ணையும் இடம் மாற்றிய பின், அதே படகு 2.1 விநாடி முன்னால். அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் கணக்குப்பிள்ளைக்கு வந்த பதில் எண்ணாக இருக்கும்போது அவன் என்ன செய்ய முடியும்? அந்த ஒரு மாற்றத்தைத் தவிர இரண்டு படகிலும் வேறொன்றும் மாறவில்லை. காற்று மாறியிருக்கலாம், இரண்டாவது ஓட்டத்தில் யாராவது களைத்திருக்கலாம், உன் தோழி ஒருத்தி உனக்காக இன்னும் அழுத்தி வலித்திருக்கவும் கூடும். இத்தனையையும் கழித்துப் பார்த்தாலும் 1.3 விநாடி அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. மூன்று மாதம் அந்தப் பயிற்சியாளரின் பெயர் இந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. நீ மட்டும் கேள்வியே கேட்காமல் இரண்டாம் எட்டில் போய் உட்கார்ந்தாய்.

இப்போது யோசித்தால் அந்த எண் எனக்குத் தவறாகப் படவில்லை. அதோடு வேறெதுவும் வராததுதான் தவறு. இரண்டாம் எட்டுக்கு 44 புள்ளி என்பதை உன்னிடமோ என்னிடமோ யாரும் சொல்லவில்லை. நீ உட்காரப்போகும் இருக்கையில் என்ன வேலை இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அந்த வசந்தம் முழுவதும் நீ தண்டனையை அனுபவிப்பதுபோலத்தான் வலித்தாய். எனக்கு அது கரையிலிருந்தே தெரிந்தது.

வியாழக்கிழமை நீ அந்தப் பெண்ணிடம் எண்ணைச் சொன்னாயா? சொல்லியிருப்பாய், மறைப்பவள் இல்லை நீ. சொல்லிவிட்டு, அவள் அழுதுவிடுவாளோ என்ற பயத்தில் சீக்கிரம் நகர்ந்திருப்பாய். அவள் உன்னைப் பார்க்காமல் போனாள் என்கிறாய். போகட்டும், அவளுக்கு இரண்டு நாள் கொடு. பிறகு அவளை அழைத்து, அந்த நால்வர் படகில் எந்த இருக்கை அவளுக்கு, ஏன் அந்த இருக்கை, அங்கே அவளால் ஆக வேண்டியது என்ன என்பதைச் சொல். ஆறுதல் சொல்லப் போகாதே. எனக்கு அந்த வயதில் ஆறுதல் சொன்னவர்கள் மேல்தான் கோபம் அதிகம் வந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும், வேலை நிலையில்லாதது என்று நீ சொன்னதற்காக. இப்படி ஒரு வேலை சம்பளத்தோடு இருப்பதே அண்மைக் காலத்துச் செய்தி. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் வந்தது 1972இல். நான்கு வருடம் கழித்தும், 1976 மார்ச்சில், யேல் பல்கலைக்கழகப் பெண்கள் படகணிக்குப் படகுக்கூடத்தில் குளிக்க இடம் இல்லை. ஆண்கள் வெந்நீரில் குளித்து முடிக்கும்வரை நனைந்த உடையோடு பேருந்தில் காத்திருந்தார்கள். கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் பத்தொன்பது பேர் விளையாட்டுத் துறை அலுவலகத்துக்குள் போய், உடம்பில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டு ஆடையைக் களைந்து நின்றார்கள். இன்றைக்குப் பல கல்லூரிகள் பெண்கள் படகணி வைத்திருப்பது அமெரிக்கக் கால்பந்தில் இருக்கும் ஆண்களின் எண்ணிக்கையை ஈடுகட்டத்தான் என்று குறை சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. எந்தக் காரணத்துக்காக வைத்தால் என்ன, தண்ணீரில் இறங்கிய பிறகு படகுக்குக் காரணம் தெரியாது.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிவைத்திருக்கிறாள். திங்கட்கிழமை அஞ்சலில் சேர்த்துவிடுவேன். விடியற்காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு மோட்டார் படகில் ஏறுகிறாய் என்று அவளிடம் நீயாகத்தான் உளறினாய். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஏப்ரல் கடைசியில் நாங்கள் இருவரும் அங்கே வருவதாக இருக்கிறோம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நால்வர் படகைப் பெரும்பாலும் காலையில் முதலிலேயே ஓட்டிவிடுகிறார்கள். பெற்றோர்கள் வந்து சேர்வதற்குள் அது முடிந்துபோகும். அன்றைக்கு உங்கள் நால்வர் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. முந்தைய நாள் இரவே வந்து தங்குவதுபோல எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா