தம்பிக்கு, தூத்துக்குடியிலிருந்து

ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வார்னிஷ் அடித்த அந்தத் தேக்குக் கைப்பிடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல இருக்கிறது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்துதான் உலை வைத்தாள். துபாய் வெயிலில் இப்படி ஒரு பளபளப்பைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை.

மரத்தோடு மரம் சேருகிற மூட்டில் கறுப்புத் திட்டு ஏன் வருகிறது என்று கேட்டிருந்தாய். அது அழுக்கு இல்லை. மூட்டு வழியாகவோ திருகாணி வழியாகவோ தண்ணீர் வார்னிஷுக்கு அடியில் போயிருக்கிறது. ஈரத்தில் தேக்கின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மரம் கறுக்கும். மேலே எத்தனை கோட்டு அடித்தாலும் மறையாது. மரம் தெரிகிற வரை சுரண்டி எடு. ஆக்சாலிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்துத் தடவி, கறுப்பு இறங்கியதும் நல்ல தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவு. கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூக்குக்குள் போகும். மாஸ்க் போட்டுக்கொள்.

காய்ந்த பிறகு தின்னர் நனைத்த துணியால் துடை. தேக்கு எண்ணெய் கசிகிற மரம், துடைக்காவிட்டால் வார்னிஷ் பிடிக்காது. முதல் கோட்டுக்குப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்துகொள், அது மரத்துக்குள் இறங்க வேண்டும். வெட்டு முனைகளில் இன்னும் ஒரு தரம் ஊட்டு, தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். அப்புறம் தின்னரைக் குறைத்துக்கொண்டே ஆறு ஏழு கோட்டு. நடுவே ஒவ்வொரு தரமும் 320 நம்பர் உப்புத்தாள், மர ரேகை ஓடுகிற பக்கமாகவே. டின்னைக் குலுக்காதே, குமிழி வரும். சாயங்காலம் அடிக்காதே, மேல் காய்வதற்குள் பனி இறங்கினால் வெள்ளையாக மங்கிப்போகும். இதெல்லாம் உனக்குத் தெரியும். பிரஷ்ஷைப் பிடிக்க உன் தாத்தாவிடம் கற்றவன் நீ.

அந்தக் கையை வைத்துக்கொண்டு ஸ்பிரே பக்கம் ஏன் போனாய்? சம்பளம் கூட என்றாய், சரி. அக்காள் கல்யாணக் கடனை நினைத்துத்தான் போனாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு டின்னைக் கலந்து அடிக்கிற பாலியூரிதேன் நம் வார்னிஷ் இல்லை. அதை இறுகச் செய்கிற ஹார்டனர் டின்னில் ஐசோசயனேட் என்று எழுதியிருக்கும், படித்துப் பார். ஸ்பிரேயில் அது புகையாக நெஞ்சுக்குள் போகும். ஒரு தரம் உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். சின்ன மாமா கடைசிக் காலத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினதை நீ பார்த்திருக்கிறாய்.

வெள்ளைத் துணி மாஸ்க் தூசிக்குத்தான். ஸ்பிரே ஷெட்டில் குழாய் வழியாகக் காற்று வருகிற முகமூடி வேண்டும். கம்பெனியில் கேள். கேட்கக் கூச்சப்படாதே, அது உன் உரிமை. செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறதாமே, அந்த நேரத்திலாவது ஷெட்டுக்கு வெளியே நிழலில் போய் இரு. மாஸ்க்கை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து டீ குடிக்காதே.

இங்கே எல்லாரும் சுகம். 26-ஆம் தேதி மாதா கோயில் கொடியேற்றம். மணப்பாட்டுச் சித்தி வருகிறாள், நீ எப்போது வருவாய் என்று கேட்பாள். பழைய தோணி ஒன்று பலகை இடுக்கை அடைக்கிற கலப்பத்து வேலைக்குக் கரை ஏறியிருக்கிறது. பிடித்துச் செய்ய ஆள் இல்லை. அதற்காக உன்னை வரச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் குரல் தெளிவாக இருக்கிறது. புதன், வியாழனில் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் போனைத் தள்ளிப் பிடிக்கிறாய். ஏசி என்கிறாய். லீவு நாளில் மட்டும் ஏசி ஒத்துக்கொள்ளுமா, தம்பி? ராத்திரியில் எழுந்து உட்காருகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். டாக்டரிடம் போனால் என்ன வேலை செய்கிறாய் என்பதையும் டின்னில் எழுதியிருக்கிற பெயரையும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் அந்த வழியில் பார்ப்பார். இந்த வாரமே போ. சம்பளம் குறைந்தாலும் பிரஷ் வேலைக்கே மாற்றித் தரச் சொல்லிக் கேள். கடனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, ஓரத்து வழியாகப் புகை போகும். அதை எடுத்துவிட்டு, மாஸ்க்கைச் சரியாக மாட்டி ஒரு போட்டோ அனுப்பு. புதன்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அப்பா