சாமி இருக்கிற கோயிலைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு 'வாரச் சுற்று' பக்கத்தில், பண்பாட்டுப் பகுதியில் எங்கள் கோட்டையைப் பற்றிச் சில வரிகள் வந்திருந்தன. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று பெயர் வாங்கிய வேலூரில் இன்றும் அதே நிலைதான்" என்று அதை முடித்திருந்தீர்கள். அதற்கு மேல் எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்க மனம் வரவில்லை.

ஜலகண்டேஸ்வரர் 1981 மார்ச் 16 முதல் கோட்டைக் கோயிலில்தான் இருக்கிறார். உங்களுக்குத் தெரியாதது இல்லை. அதுவரை லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில், ஜலகண்ட விநாயகர் கோயிலில் இருந்தது. தொல்லியல் துறை ஒத்துக்கொள்ளாதபோதும் ஊர்க்காரர்கள் அதைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கூட்டத்தில் தூக்கிக் காட்ட முடியாத வயசுப் பெண் என்பதால், யாரோ ஒரு பெரியவரிடம் சொல்லி முன்னால் நிற்க வைத்தார். அந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லி வெளியூர்க்காரர்கள் எங்களைச் சீண்டிய காலத்தில் வளர்ந்த பெண்மணி அவர். அன்றைக்கு அவர் அழுததை நான் பார்த்தேன். இன்றைக்கும் பிரதோஷத்துக்கு அந்தக் கோயிலில் நிற்கிற கூட்டம் உங்கள் நிருபர் கண்ணில் படாமல் இருக்காது. அப்படியிருக்க, 'இன்றும்' என்று எப்படி ஐயா எழுதினீர்கள்?

தண்ணீர் இல்லாத ஆறு என்றும் எழுதிவிட்டீர்கள். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. விரிஞ்சிபுரம் பக்கம் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. மற்ற வருடங்களில் அது வறண்டு கிடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பழமொழி சொல்லிக் கடந்து போகிற விஷயமா? மணலை அள்ளினார்கள், தோல் தொழிற்சாலைக் கழிவை விட்டார்கள். எங்கள் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பில், மாசு செய்தவனே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லப்பட்டது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவனும் வேலூர் வழக்கைப் படிக்காமல் தேற முடியாது. ஆற்றைப் பற்றி எழுதினால் அதையும் எழுத வேண்டாமா?

எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது. மன்னிக்க வேண்டும், சொல்லியே தீர வேண்டும்.

ஒவ்வொரு மே மாதமும் அதே பக்கத்தில் 1857 மீரட் எழுச்சியைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. வரட்டும், சந்தோஷம். ஜூலை 10 வந்தால் மட்டும் ஏன் அந்த இடம் காலியாகிறது? 1806-ல், மீரட்டுக்கு 51 வருடம் முன்பே, எங்கள் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும் என்று வந்த உத்தரவுகளை அவர்கள் ஏற்கவில்லை. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேருவதற்குள் கோட்டை அவர்கள் கையில் இருந்தது. அப்புறம் நடந்தது சிப்பாய்களின் படுகொலை. 2006-ல் இருநூறாம் ஆண்டுக்கு அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. மக்கான் சிக்னலில் நினைவுத்தூண் நிற்கிறது. உங்கள் பக்கத்தில் ஒரு வரிக்குக் கூட இடம் இல்லாமல் போய்விட்டது.

விளையாட்டுப் பகுதிக்கு வருகிறேன். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் எங்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்ட்கோஸ்ட்டில் தொடைக் காயத்தோடு போய் மறுபடியும் தங்கம். அந்த வாரங்களில் நீங்களும் போட்டீர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதிரி ஒரு பையன் எப்படி உருவாகிறான், எந்தக் கொட்டகையில் இரும்பைத் தூக்குகிறான், என்ன சாப்பிடுகிறான், யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் நீங்கள் கேட்டதில்லை. என் தம்பி மகனும் இங்கே பளு தூக்கியவன்தான். மண்டலப் போட்டியில் ஜெயித்து வந்தபோது போட்டோவும் சான்றிதழ் நகலும் உங்கள் நிருபரிடம் கொடுத்தோம். தினமும் காலையில் அவன்தான் முதலில் பேப்பரைப் பிரிப்பான். வரவேயில்லை. இப்போது அவன் பயிற்சிக்குப் போவதில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க ஐபிஎல் ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று அரைப் பக்கம் இருந்தது.

தொழில்நுட்பப் பகுதியில் வாராவாரம் புது செல்போன். இல்லையென்றால் அமெரிக்கத் தொலைநோக்கி எடுத்த படம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே ஐயா. இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்றாலும் எங்களுக்கு அது பழைய வடஆற்காடுதான். 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பது தெரிய வந்தபோது, அதைப் பார்த்த இடங்களில் காவலூரும் ஒன்று. இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். ஆலங்காயம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே இது தெரியாமல் இருக்கிறது. பேப்பரில் வந்தால்தானே தெரியும்?

இனி உடல்நலம். இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வலிக்கிறது.

எய்ட்ஸ் தினத்துக்கு எழுதும்போது, 1986-ல் இந்தியாவில் முதலில் ஹெச்ஐவி கண்டறியப்பட்டது சென்னையில் என்று போட்டீர்கள். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் ரத்தம் சேகரித்தது உண்மை. அந்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்து, வேலூர் சிஎம்சி மருத்துவமனையில்தான் சோதித்தார்கள். அதை எழுத இரண்டு வரி போதும்.

அதுகூடப் போகட்டும். 2024 டிசம்பரில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவே ஏற்படவில்லை என்று சிஎம்சி மருத்துவர்களின் ஆய்வு உலகின் பெரிய மருத்துவ இதழில் வந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து, ரத்தம் உறைவதற்கான எட்டாவது காரணியை உண்டாக்கும் மரபணுவை அதில் சேர்த்து, திரும்ப உடம்பில் ஏற்றுகிற சிகிச்சை. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இந்த நோய் இருக்கிறது. கீழே விழுந்தால் முட்டி பூசணி மாதிரி வீங்கிவிடும். விளையாடப் போகாதே என்று கத்திக் கத்தியே அவன் அம்மாவுக்குத் தொண்டை போய்விட்டது. அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு செய்தியைக் காட்டி, "அக்கா, நீங்க தினமும் பேப்பர் படிக்கிறீங்களே, இது நிஜமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் உங்கள் பேப்பரைத் தேடினேன். உடல்நலப் பகுதியில் பனிக்காலத்தில் சருமத்தைப் பாதுகாப்பது எப்படி என்று இருந்தது. நம் ஊரில் நடந்த ஒன்றைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரிக்கு உறுதியாக ஒரு பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

வெயில் நூறைத் தாண்டினால் வேலூர் வருகிறது. 2019-ல் பணப் பட்டுவாடாவுக்காக எங்கள் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தபோது முதல் பக்கத்திலேயே வந்தது. மற்ற நாட்களில் எங்களைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு பழமொழி போதுமானதாக இருந்திருக்கிறது.

என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பேப்பர்தான். வேறு பேப்பருக்கு மாறிவிடுவேன் என்று மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே பண்பாட்டுப் பகுதியில், கோட்டைக் கோயிலில் 1981 முதல் வழிபாடு நடக்கிறது என்று ஒரு திருத்தம் போடுங்கள். ஒன்பதாம் பக்கத்து மூலையில் வேண்டாம். அந்த ஹீமோஃபிலியா சிகிச்சை யாருக்குப் பொருந்தும், யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களிடமே விசாரித்து எளிய தமிழில் ஒரு கட்டுரை போட்டால், அதை வெட்டிக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.