விசைப்பலகையைத் தொடாத கைகளுக்கு

கணினிப் பட்டறையில் எனக்குக் கைகொடுத்த அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

சென்ற வாரம் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். அதன் நன்றியுரையில், எங்கள் பல்கலைக்கழக வழக்கப்படி துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் என்று வரிசையாக எழுதி முடித்தபோதே பக்கம் நிறைந்துவிட்டது. உங்களுக்கு இடமில்லை. துணைவேந்தரை நான் விழாப் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். உங்களிடம் கேட்ட கேள்விகளையோ தொகுத்தால் ஆய்வேட்டைவிடப் பெரிய புத்தகம் ஆகும். அதனால் இந்த மடல்.

உப்பு நிலத்தில் நெல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது என் ஆய்வு. செடி வளர்க்கத் தெரியும், இலையை அரைத்து, எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கத் தெரியும். அதோடு என் வித்தை முடிந்தது. நெல்லின் மரபணுத் தொகுதி 12 குரோமோசோம்களில் ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் கொண்டது. 2005-இல் பன்னாட்டுக் குழு ஒன்று அதைப் படித்து வெளியிட்டிருந்தது. அதனோடு ஒப்பிட வேண்டிய என் ஆர்.என்.ஏ. தரவு ஒரு ஹார்ட் டிஸ்கில் வந்து சேர்ந்தது. முதல் கோப்பை எக்செல்லில் திறந்தேன். கணினி உறைந்து நின்றது, நானும்தான்.

பிறகு எல்லோரும் செய்வதையே செய்தேன். ‘பகுப்பாய்வு செய்து தரப்படும்’ என்று பலகை வைத்திருந்த ஓர் இடத்தில் ஒரு மாத உதவித்தொகையில் பாதியைக் கொடுத்தேன். பத்து நாளில் வண்ண வண்ணப் படங்கள் வந்தன. எந்த அளவுகோலில் வடிகட்டினீர்கள் என்று ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. படங்களை உருவாக்கிய கணினிக் கட்டளைகளைக் கேட்டேன், “அது எங்கள் தொழில் ரகசியம்” என்றார்கள். உப்பு நீருக்கும் நல்ல நீருக்கும் வேறுபாடே இல்லை என்று அந்தப் படங்கள் சொல்லின. கண்ணெதிரே கருகிய பயிரை நம்புவதா, படத்தை நம்புவதா என்று ஆறு மாதம் தவித்தேன்.

உங்கள் இரண்டு நாள் பட்டறைக்கு நான் வந்தது அந்த நிலையில். 1998-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கிய, ஆய்வாளர்களுக்குக் கணினித் திறன் கற்றுத்தரும் ‘சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி’ வழிப் பாடங்கள் அவை என்று அறிமுகத்தில் சொன்னீர்கள். கார்ப்பென்ட்ரி என்றால் தச்சு. அந்தப் பெயரின் பொருத்தம் பிற்பாடுதான் புரிந்தது. உளியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் ஆசாரியிடம் எந்தச் சீடன் தொழில் கற்றான்?

ஆளுக்கு இரண்டு ஒட்டுத்தாள் தந்தீர்கள். வேலை முடிந்தால் மடிக்கணினியின் முதுகில் பச்சை, சிக்கிக்கொண்டால் சிவப்பு. முதல் ஒரு மணி நேரம் அரங்கு முழுக்கப் பச்சை. அதில் பாதி பொய். என் பச்சையும் பொய்தான். முனைவர் பட்ட மாணவி, மூன்றாம் ஆண்டு, ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அப்போது இரண்டாம் வரிசையில், ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்த என் நெறியாளர், மாணவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர், சிவப்புத் தாளை எடுத்துத் தம் கணினியில் ஒட்டினார். ஒட்டியதோடு நிற்காமல், “தம்பி, எனக்கு முதல் வரியே ஓடவில்லை” என்று சத்தமாகவும் சொன்னார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அரங்கு செம்பருத்திப் புதராகிவிட்டது. சார், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் கையொப்பமிட்ட பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றையும் விட அந்தச் சிவப்புத் தாள் எனக்குப் பெரிது.

என் பக்கத்தில் வந்து நின்ற அக்காவுக்கு அடுத்த நன்றி. நான் ஓர் இடைவெளியை விட்டுவிட்டு ஒரே கட்டளையை நான்கு முறை தட்டினேன். வேறு யாராக இருந்தாலும் “தள்ளுங்கள், நான் அடித்துத் தருகிறேன்” என்றிருப்பார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “திரையில் வந்த பிழைச் செய்தியைப் படித்துக் காட்டுங்கள்” என்றார். படித்தேன். ஐந்தாம் முறை ஓடியது. கற்பவரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்பது உதவியாளர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை என்று பின்னர் அறிந்தேன். பின்பற்ற எவ்வளவு கடினமான அறிவுரை அது என்பதும் இப்போது தெரியும்.

என் ஆய்வைக் காப்பாற்றியதும் அவர்தான். இரண்டாம் நாள் மதியம் என் அட்டவணையைப் பார்த்து, “மாதிரிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏன் தேதிகள்?” என்றார். பாத்தி எண், செடி எண் என்று நான் பெயரிட்டிருந்தேன்: மூன்றாம் பாத்தியின் ஐந்தாம் செடி 3-5. எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. என் மடிக்கணினியில் இந்திய முறை, ஆகவே மே 3. ஆய்வகக் கணினியில் அமெரிக்க முறை, ஆகவே மார்ச் 5. இரண்டு கோப்புகளையும் இணைத்தபோது 3-5 ஆனது 5-3 ஆகவும், 5-3 ஆனது 3-5 ஆகவும் இடம் மாறிவிட்டன. முதல் மூன்று பாத்திகளுக்கு உப்பு நீர், அடுத்த மூன்றுக்கு நல்ல நீர். உப்பில் நின்ற செடியை நல்ல நீரிலும், நல்ல நீரில் நின்றதை உப்பிலும் நானே நட்டிருக்கிறேன்! பணம் வாங்கியவர்கள் மேல் நான் வைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. தவறான அட்டவணையைக் கொடுத்தது நான். ஆனாலும் கட்டளைகளைக் கையில் தந்திருந்தால் ஆறு மாதம் முன்பே கண்டுபிடித்திருப்பேனே.

அழுதுவிடுவேன் போலிருந்தது. “இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை” என்று அக்கா ஆறுதல் சொன்னார். எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இதுபோன்ற பெயர்ப் பிழை இருப்பதாக 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்களாம். 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மென்பொருள் திருந்தும் வரை காத்திருக்காமல் மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டது. ‘மார்ச்1’ இப்போது ‘மார்ச்எஃப்1’. ஊரே எக்செல்லுக்கு வழிவிட்டிருக்கிறது, நான் எம்மாத்திரம்!

குழாய்க் கட்டளையை விளக்கிய அண்ணனுக்கும் நன்றி. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததற்குள் பாய்ச்சும் அந்த ஏற்பாட்டை, 1964-லேயே கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் தோட்டக் குழாய்களை இணைப்பதற்கு ஒப்பிட்டாராம். நீங்கள் எங்களைப் பார்த்து, “ஏரி, மதகு, வாய்க்கால், வயல்” என்றீர்கள். தஞ்சைப் பக்கத்துப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ பற்றிய பாடம் அன்று என் தலைக்கு மேலேயே போய்விட்டது. மூன்று மாதம் கழித்துத்தான் இறங்கியது.

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினித் தொகுதியைப் பராமரிக்கும் அண்ணனிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். எல்லோரும் நுழையும் வாசல் கணினியிலேயே என் பெரிய வேலையை ஓடவிட்டு, ஓர் ஞாயிறு இரவு மொத்தப் பேரையும் முடக்கியவள் நான்தான். திருச்சி என்.ஐ.டி.யில் 2022-இல் 838 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) வேகத்தில் ‘பரம் பொருள்’ மீகணினி வந்த செய்தியை நினைவூட்டி, “பரம்பொருளே ஆனாலும் வாசலை மறித்தால் என்ன செய்யும்?” என்று சிரித்துவிட்டு, வேலையை வரிசையில் அனுப்பும் முறையைத் தொலைபேசியிலேயே சொல்லித்தந்தீர்கள். அன்றும் தட்டியது நான்தான்.

முகம் தெரியாத சிலருக்கும் எழுத வேண்டும். ஐ.ஐ.டி. பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் லினக்ஸ், பைத்தான் பாடங்களைத் தமிழில் பேசிப் பதிவு செய்தவர்களே, பட்டறை முடிந்த பின் விடுதி அறையில் எனக்குத் துணை உங்கள் குரல்கள்தான். திரையில் ஆங்கிலம், காதில் தமிழ். எத்தனை முறை திரும்பச் சொல்லச் சொன்னாலும் சலிக்காத ஆசிரியர்கள் நீங்கள்.

விடுமுறை நாளிலும் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கே அரங்கைத் திறந்து, மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் அறைக்கு ஓடிய எங்கள் துறை அலுவலக உதவியாளர் அண்ணனை எந்த ஆய்வேடும் குறிப்பிடாது. நான் குறிப்பிடுகிறேன்.

திருத்திய அட்டவணையில் உப்பின் தடம் தெளிவாகத் தெரிந்தது. கட்டுரையோடு என் கட்டளைகள் அனைத்தையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். அதே மதிப்பீட்டாளர் இம்முறை சுட்டிக்காட்டியது ஒரே ஒரு எழுத்துப்பிழையைத்தான்.

அடுத்த மாதப் பட்டறைக்கு என்னையும் உதவியாளராகச் சேர்த்திருக்கிறீர்கள். பச்சையில் ஒரு கட்டும் சிவப்பில் இரண்டு கட்டும் வாங்கிவிட்டேன். அரங்கின் சாவிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க இப்போதிருந்தே பழகி வருகிறேன்.

நன்றியுடன்,
நெல் ஆய்வகத்து மூன்றாம் மேசைக்காரி