இருபதரை கிராம் பொடிக்காக மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெடிக்கல் கடை நடத்தும் அண்ணன்களுக்கும், கவுன்ட்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2025 மே மாதம், ஒரு ராத்திரி. என் தங்கை மகனுக்கு இரண்டு வயது, சாயங்காலத்திலிருந்து ஏழு தடவை பேதியாகிவிட்டது. ஓடிப்போய் ஒரு கடையில் ஓஆர்எஸ், அதாவது பேதியில் போன உப்பையும் தண்ணீரையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் பொடி, கேட்டேன். கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஆரஞ்சுப் படம் போட்டு ஸ்ட்ரா ஒட்டிய அட்டை டப்பா மூன்றை எடுத்து வைத்தார். "பவுடரைப் பிள்ளைங்க துப்பிடும் மேடம், இதுன்னா குடிச்சிடும்" என்றார். பெயரிலும் அந்த மூன்று எழுத்து இருந்ததா, நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பையன் ஆசையாகக் குடித்தான், மூன்றையும். பேதி நிற்கவில்லை, இன்னும் தண்ணியாகப் போனது. காலையில் குழந்தை மருத்துவர் காலி டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பொடி பாக்கெட்டும் ஜிங்க் சிரப்பும் எழுதிக்கொடுத்தார். மறுநாள் பையன் எழுந்து ஓட ஆரம்பித்தான்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம், நான் பதினான்கு வருடமாகப் பிளஸ் ஒன்னுக்குச் செயல்மிகு கடத்தல், அதாவது செல் சக்தியைச் செலவழித்துப் பொருட்களைச் சவ்வு தாண்டித் தள்ளுவது, என்ற பாடம் நடத்துகிறவள். சோடியம் மூன்று வெளியே, பொட்டாசியம் இரண்டு உள்ளே, ஒரு ஏடிபி (செல்லின் எரிபொருள்) செலவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பாடம்தான் அந்தப் பொடி என்பது கவுன்ட்டரில் நின்றபோது தலையில் ஏறவில்லை. ஆகவே உங்களைத் திட்ட எழுதவில்லை. நீங்கள் கொடுத்தீர்கள், தெரிந்த நானே வாங்கினேன். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற யோசனையில்தான் எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் கீழே ஒரு சம்ப், மொட்டை மாடியில் ஒரு தொட்டி. தண்ணீர் தானாக மேலே ஏறாது, மோட்டார் போட வேண்டும், கரண்ட் பில் வரும். ஆனால் ஒரு தடவை ஏற்றிவிட்டால் அப்புறம் குழாயைத் திறந்தால் போதும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இதைத்தான் செய்கிறது, தண்ணீரை வைத்து அல்ல, சோடியத்தை வைத்து. செல்லுக்கு வெளியே, ரத்தத்தில், சோடியம் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் (எத்தனை துகள் என்று எண்ணும் அளவு). உள்ளே 10, 15 தான். இந்த வித்தியாசம் சும்மா நிற்காது, கசிந்து கசிந்து சோடியம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் ஏடிபியை உடைத்து உடைத்து அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு மோட்டாருக்கே போகிறது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ஜென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டுக் கால் நரம்புகளை அரைத்து அதில் இதைக் கண்டுபிடித்து 1957-ல் எழுதினார். நோபல் பரிசு வர 1997 ஆகிவிட்டது, நாற்பது வருடம்!

இப்போது சிறுகுடல். குடலின் உள்சுவர் செல்லுக்கு இரண்டு முகம்: ஒன்று சாப்பாடு இருக்கும் பக்கம், இன்னொன்று ரத்தம் இருக்கும் பக்கம். மோட்டார் ரத்தப் பக்கத்தில் மட்டும் ஓடுகிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு, குடலில் கிடக்கும் சோடியம் உள்ளே விழத் துடிக்கும். சாப்பாட்டுப் பக்கத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அதில் இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் நுழைய முடியும். சோடியம் பள்ளத்தில் விழுகிற வேகத்தில் குளுக்கோஸையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. இந்த வாசலில் ஏடிபி செலவே இல்லை, செலவு பின்பக்க மோட்டாரில் ஏற்கெனவே ஆகிவிட்டது. இரண்டும் உள்ளே போனதும் தண்ணீர் பின்னாலேயே போகிறது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் 1960-ல் பிராக் நகரில் ஒரு கூட்டத்தில் இதை முதலில் சொன்னார்.

காலராவில் என்ன ஆகிறது? காலராக் கிருமியின் நஞ்சு குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்துவிட்டுவிடும், உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டும். ஆனால் மேலே சொன்ன ஜோடி வாசலை அது தொடுவதில்லை. ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருந்தாலும் மறுபக்கம் வாசல் திறந்தே கிடக்கிறது, நாம் சரியான ஜோடியை அனுப்பினால் போதும். 1971-ல் வங்கதேசப் போர் சமயத்தில் மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருக்க, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார், ஊட்டியவர்களில் பெரும்பாலும் கூட வந்த அம்மாக்களும் சொந்தக்காரர்களும்தான். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது.

இனி கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2002-லிருந்து சொல்லும் ஒரு லிட்டர் பாக்கெட்டில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. ஆக 20.5 கிராம். கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் சமமாக 75 மில்லிமோல். (வாசலில் இரண்டுக்கு ஒன்றுதானே மிஸ் என்று கேட்கிற பிள்ளை வருடத்துக்கு ஒருத்தி வருவாள், மீதிச் சோடியத்தைக் குடலில் சுரக்கும் நீரே கொண்டுவந்துவிடும்.) கரைசல் ரத்தத்தை விடச் சற்று நீர்த்தே இருக்கும். இனிப்புக் குளிர்பானத்திலோ லிட்டருக்கு நூறு கிராம் அளவுக்குச் சர்க்கரை, உப்போ பேருக்கு. ஜோடி இல்லாமல் வாசலில் நிற்கும் சர்க்கரை குடலிலேயே தேங்கும், தேங்கினால் தண்ணீரை ரத்தத்திலிருந்து தன் பக்கம் இழுக்கும். மாங்காய்க் கீற்றில் உப்பைத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தட்டில் தண்ணீர் நிற்கிறதே, அதேதான். எங்கள் பையனுக்கு அந்த ராத்திரி நாங்கள் காசு கொடுத்து வாங்கி ஊற்றியது அதைத்தான்.

2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த அளவுக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லே கூடாது என்று உத்தரவு போட்டது. நல்லது. ஆனால் பெயரை எடுத்துவிட்டாலும் ஃப்ரிட்ஜும் ஸ்ட்ராவும் "பிள்ளை குடிச்சிடும்" என்ற வாக்கியமும் அப்படியே இருக்கின்றன. அந்த வாக்கியம் உங்கள் வாயில்தான் இருக்கிறது. லாபம் எதில் அதிகம் என்று எனக்கும் தெரியும், அதைப் பற்றி நான் பேச வரவில்லை.

நான் கேட்பது கொஞ்சம்தான். பேதி என்று வந்து நிற்பவரிடம் முதலில் பொடியை எடுத்து வையுங்கள். அதைவிட முக்கியம், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிற அம்மாக்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்தால் பொடியும் மாங்காய்க்குத் தூவிய உப்புதான். 200 மில்லி பாக்கெட்டும் இருக்கிறது, இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர், ஸ்பூன் ஸ்பூனாக, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி, 24 மணி நேரத்துக்கு மேல் வைத்ததைக் கீழே ஊற்றிவிட வேண்டும். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ பொடியை மட்டும் கொடுத்து அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். ராத்திரி கடை மூடிவிட்டால் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் கை கொடுக்கும், சோற்றின் மாவுச்சத்து உடைந்து அதே குளுக்கோஸாகத்தான் அந்த வாசலுக்கு வருகிறது. நம் பாட்டிகளுக்கு ஏடிபி தெரியாது, கஞ்சி தெரியும்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் பொடி பாக்கெட்டுகள் கீழ்த்தட்டில், ஹேர் டை டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கின்றன. போன வாரம் குனிந்து எடுத்துப் பார்த்தேன், மேலே தூசி. அதைக் கொஞ்சம் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற உயரத்தில் வையுங்களேன்.

இப்படிக்கு,
மாதா மாதம் உங்களிடம் பிரஷர் மாத்திரை வாங்கும் ஒரு விலங்கியல் ஆசிரியை