மழைக்காலத்தில் காரில் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. காரில் வந்து பிள்ளைகளை விட்டுச் செல்வோருக்காக இதை எழுதுகிறேன். பைக்கில் வருவோருக்குத் தனிக் கடிதம் வரும்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் சிலர் இன்னமும் முன்சீட்டில், பெரியவர் மடியில்தான் வருகிறார்கள். "கெட்டியா பிடிச்சுக்கிறேன் சார்" என்பது நடக்காத காரியம். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். அந்த நொடியில் 20 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, 400 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம் வேண்டும். ஏர்பேக்கோ கண் இமைப்பதற்குள் விரியும். குழந்தை அதற்கும் உங்கள் மார்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவதும் ஆபத்து. உங்கள் எடையும் குழந்தையின்மேல்தான் இறங்கும்.

ஆகவே பின்சீட்டில், குழந்தை சீட்டில் உட்கார வையுங்கள். சற்று வளர்ந்த பிள்ளைக்கு பெல்ட் தோள்பட்டை எலும்பின் மேலும் இடுப்பெலும்பின் மேலும் படிய வேண்டும். கழுத்தை உரசினாலோ வயிற்றில் ஏறினாலோ பூஸ்டர் சீட் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) தேவை. உறுத்துகிறதென்று பெல்ட்டை அக்குளுக்குக் கீழே விடக் கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதுகாப்புப் பட்டை இல்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1000 ரூபாய் அபராதமும் உண்டு. புத்தகப் பையைப் பின்கண்ணாடி ஓரம் வைக்காதீர்கள், காலடியில் வையுங்கள்.

இனி சாலை. ஈரத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்த பின் இன்னும் சுமார் 35 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். அதுவே 40 கி.மீ. வேகத்தில் வந்தால் சுமார் 32 மீட்டரில் நின்றுவிடும். பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதே காரணம். வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மழையின் முதல் அரை மணி நேரம் இன்னும் மோசம், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து வழுக்கும்.

டயரைக் குனிந்து பாருங்கள். பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் மேடு தெரியும். டயரின் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்) அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மீதம் 1.6 மி.மீ.தான், மாற்றிவிடுங்கள். தேய்ந்த டயரால் தண்ணீரை வெளியே தள்ள முடியாது, வண்டி தண்ணீர்மேல் மிதக்கும். ஸ்டியரிங் திடீரென லேசானால் அதுதான் அறிகுறி. அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள்.

ஏ.பி.எஸ். (சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் பிரேக் வசதி) உள்ள வண்டியில் அவசரப் பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள். ஓடும்போது ஹசார்ட் விளக்கு (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஹெட்லைட்டை லோ பீமில் போட்டால் போதும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளைந்துவிடும். பிள்ளைகளை இறக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

மழை நாட்களில் பள்ளி கேட் அரை மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும். தாமத வருகை என்று டைரியில் எழுத மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்