வினாவங்கி விடைகளில் பைட் கணக்குத் தவறு: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: பொறுப்பாளர், கணினி டியூஷன் மையம், செக்காலை, காரைக்குடி.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மைக்ரோபிராசசர் வினாவங்கியின் விடைப் பகுதியில் உள்ள பிழைகள் தொடர்பாக.

ஐயா,

எங்களிடம் படிக்கும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்காக உங்கள் வினாவங்கியை மொத்தமாக வாங்கினோம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். மைக்ரோபிராசசருக்கு நிரல் எழுதும் அசெம்பிளி மொழியில் ஒவ்வொரு டேட்டா வரிக்கும் நினைவகத்தில் எத்தனை பைட் ஒதுக்கப்படும் என்ற பகுதியில் கேள்விகள் அருமையாகவே இருக்கின்றன. விடைகள்தான் காலை வாருகின்றன.

ஒரு மதிப்புக்கு இடம் ஒதுக்கும் கட்டளைகளில் டி.பி (DB) என்றால் 1 பைட், டி.டபிள்யூ (DW) 2, டி.டி (DD) 4, டி.க்யூ (DQ) 8. இதுவரை தகராறில்லை. 'பட்டியல் டி.பி 10 டூப்(3 டூப்(1), 2)' என்ற வரிக்கு 31 என்று போட்டிருக்கிறீர்கள். டூப் (DUP) என்றால், அடைப்புக்குள் இருப்பதை அதற்கு முன்னுள்ள எண்ணின்படி அத்தனை முறை வைப்பது. பத்தை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டியிருப்பது தெரிகிறது. வெளி அடைப்புக்குள் இருப்பது மொத்தமும் பத்து முறை வர வேண்டாமா? உள்ளே 3 பைட், கூடவே 1 பைட், ஆக 4. பத்து முறைக்கு 40. சரியாக 40 எழுதிய ஒரு பெண், உங்கள் விடையைப் பார்த்துவிட்டு அதை அடித்து 31 ஆக்கினாள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அசெம்பிளரான மாஸ்மில் (MASM) ஓட்டி, எந்த வரி நினைவகத்தில் எங்கே அமர்கிறது என்று காட்டும் லிஸ்டிங் ஃபைலையும் உங்களுக்கு அனுப்பினேன். பட்டியல் 0000இல் தொடங்குகிறது, அடுத்த மாறி 0028இல். அதற்கு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில்: "லிஸ்டிங்கில் 28தான் இருக்கிறது, ஆகவே உங்கள் 40ம் தவறு." லிஸ்டிங்கில் ஆஃப்செட், அதாவது தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண், ஹெக்ஸாடெசிமலில்தான் (பதினாறின் அடிப்படையில்) வரும், ஐயா. 28 என்றால் இரண்டு பதினாறு முப்பத்திரண்டு, அதோடு எட்டு, ஆக 40. விடைகளைச் சரிபார்த்தவரும் இவரேதானா?

'அளவு ஈக்யூ (EQU) 50' என்பதற்கு 2 பைட் கொடுத்திருக்கிறீர்கள். ஈக்யூ நினைவகத்தில் இடமே எடுக்காது. அந்தப் பெயர் வருமிடத்தில் அசெம்பிளர் 50ஐப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். 'விடை டி.டபிள்யூ ?' என்பதற்கோ பூஜ்யம்! கேள்விக்குறி போட்டால் ஆரம்ப மதிப்பு தரவில்லை என்றுதான் அர்த்தம், 2 பைட் ஒதுக்கியே ஆக வேண்டும். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர் இது. வரவில்லாததை வரவு வைத்து, இருப்பை விட்டுவிட்ட கணக்கை இங்கே யாரும் ஏற்கமாட்டார்கள்.

வாங்கிய பிரதிகளுக்கான முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். திருத்திய விடைப் பக்கங்களை, எங்களுக்கு மட்டுமல்லாமல் இதை வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சிவகங்கை எங்களுக்குத் தூரமில்லை.

இப்படிக்கு,
பொறுப்பாளர்

இணைப்பு: பில் நகல், லிஸ்டிங் பிரிண்ட், உங்கள் பதில் மின்னஞ்சல்.